கொண்டை நல்லா விழுந்திருக்கு

நவம்பர் 10, ஞாயிறு

ஜெசிந்தா டீச்சருக்கு வணக்கம். முதலில் என் எழுத்துக்காக மன்னிக்க வேண்டும். ஒரு கோட்டுக்குள் எழுதச் சொன்னீர்கள். என் எழுத்து மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் தாண்டி அடுத்த வரியையும் தொட்டுக்கொண்டுதான் நிற்கிறது. ‘ழ’ இன்னும் ஒரு வரி கீழே போய்விடுகிறது. வெங்காய மண்டியில் மூட்டை தூக்கிய கை இது. மூட்டையை எங்கே பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். பேனாவை எங்கே பிடிப்பது என்று இன்னும் பிடிபடவில்லை. இந்தப் பக்கம் எழுத மத்தியானம் முழுவதும் ஆகிவிட்டது. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது.

வாரம் ஒரு நாள் எங்கேயாவது போய், பார்த்ததை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று வகுப்பில் சொன்னீர்கள். மற்றவர்கள் கோயில், சந்தை என்றார்கள். நான் பொத்தைக்குப் போனேன். எங்கள் நகருக்குப் பின்னால் இருக்கிற பாறைக்குன்றையும் அதைச் சுற்றிய முள்காட்டையும்தான் பொத்தை என்கிறோம். பாங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆவுடையப்பன் சார் ஞாயிறு காலையில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு அங்கே பறவையும் பூவும் பார்க்க நடக்கிறார். எல்லோரும் படம் எடுக்கிறார்கள். என்னிடமும் போன் இருக்கிறது. திருப்பூரில் இருக்கும் மகன் புதுப் போன் வாங்கியபோது பழையதை எனக்குத் தந்தான்.

இன்று ஒரு கொண்டலாத்தி பார்த்தேன். தரையில் நடந்து நடந்து நீள மூக்கால் மண்ணைக் குத்தியது. பயந்தபோது தலையில் இருந்த கொண்டை விசிறி போல விரிந்தது. நான் போனைத் தூக்கி அமுக்கினேன். படத்தில் மண்ணும் புல்லும் தெரிந்தன. ஓரத்தில் என் விரலும் விழுந்திருந்தது. பறவை எங்கே என்று தேடினேன், கிடைக்கவில்லை. சின்னதாக விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து லிங்கக்கனியிடம் காட்டினேன். அவள் என் மனைவி. முட்டிவலி என்று இப்போது வெளியே அதிகம் வருவதில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இந்தா பாரு, கொண்டலாத்தி.”

போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“ஆமா. கொண்டை நல்லா விழுந்திருக்கு.”

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிகிறது. அவளுக்கு எப்போதும் நல்ல கண்.

நவம்பர் 13, புதன்

ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். கேட்டதற்கு, “உங்க படிப்பைப் பத்தி யோசிச்சிட்டே போட்டுட்டேன்” என்றாள். குடித்துவிட்டேன்.

பஸ்ஸில் ‘படியில் நிற்காதீர்’ என்று எழுதியிருந்ததை வாசித்தேன். வாசித்ததும் படியை விட்டு உள்ளே போனேன். இத்தனை வருஷம் அதன் பக்கத்திலேயே படியில் நின்றிருக்கிறேன்.

நவம்பர் 17, ஞாயிறு

மழை பெய்து ஓய்ந்ததில் பொத்தை பச்சையாகிவிட்டது. தும்பை, நெருஞ்சி, ஆவாரை எல்லாம் பூத்திருக்கின்றன. வேலியில் கண்வலிப்பூ ஏறியிருந்தது. அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, இதழ் எல்லாம் மேல்நோக்கி முறுக்கிக்கொண்டு தீ எரிவது போல. ஆவுடையப்பன் சார் அதைச் செங்காந்தள் என்றார். மண்டியில் இருந்த எங்களுக்கு அது கண்வலிப்பூதான். பார்த்தால் கண் வலிக்கும் என்று சின்ன வயதில் ஓடுவோம். பூ ஓடாது என்பதால் இந்தப் படம் நன்றாக வந்தது.

“இன்னைக்கு ஒரு பூ கொண்டாந்திருக்கேன், பாரு. கண்வலிப்பூ.”

லிங்கக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அதை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாரிய? கண்ணு நோவும். அங்கிட்டு வைங்க.”

“படந்தானே ஏளா.”

“படத்துல இருந்தாலும் அது கண்வலிப்பூதான். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்.”

சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். ஒரு நொடி போனை அவள் பக்கம் நீட்டிவிட்டேன் அல்லவா, அதனால் இருக்குமோ என்று பயந்து அந்தப் படத்தை அழித்துவிட்டேன். அழிப்பது எப்படி என்று தெரியாமல் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துத்தான் அழித்தேன்.

நவம்பர் 20, புதன்

பேப்பர் வாசித்தேன். முன்பெல்லாம் சாயந்திரம் அவள்தான் எனக்குப் பேப்பர் வாசிப்பாள். எட்டாவது வரை படித்தவள். கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில், பஸ் போர்டு எல்லாம் அவள் வாசித்துத்தான் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் திடீரென்று நிறுத்திவிட்டாள். “இப்பல்லாம் அச்சைப் பொடிசாப் போடுதான். எனக்கு வேற வேலையில்லையா? நீங்களே படிச்சுக்கிடுங்க” என்றாள். தெருவில் உங்கள் வகுப்பு ஆரம்பித்ததும் என்னைப் பிடித்துத் தள்ளியதும் அவள்தான். அப்போது எனக்குக் கோபம். இந்த வயதில் சிலேட்டைத் தூக்கவா என்று நாலு நாள் பேசவில்லை.

இன்று நான் வாசிக்க, அவள் கேட்டாள். ‘நகராட்சி’ என்பதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன். இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 24, ஞாயிறு

மழை. நடை இல்லை.

சாயந்திரம் டீ போட்டாள். டம்ளருக்குள் விரலை விட்டுக்கொண்டு ஊற்றுகிறாள். “சுடலையா?” என்றேன். “சூடு பாக்குதேன்” என்றாள்.

ஆறு மணி வாக்கில் கொல்லையில் இரட்டை விசில் கேட்டது. ஒரு நீளம், ஒரு குட்டை. இரண்டு நிமிஷம் விட்டு மறுபடியும். பக்கத்து வீட்டுப் பையன்கள் என்று நினைத்தேன்.

“பையனும் இல்ல, ஒண்ணும் இல்ல. குருவி” என்றாள் லிங்கக்கனி. “ஒரு வாரமா வருது. காலையில ஆறு, சாயந்திரம் ஆறு. கடிகாரம் பாக்க வேண்டாம்.”

ஆவுடையப்பன் சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆறுமணிக்குருவி என்றார். வடக்கே இருந்து பனிக்காலத்துக்கு இங்கே வருமாம். புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டு திரியுமாம். சத்தம் கேட்டவர்கள் நிறையப் பேர், பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தானாம்.

“எப்படி இருக்குமாம்?” என்று கேட்டாள். கேட்கவில்லையே என்றேன்.

“முக்கியமானதைக் கேக்காம போனை வச்சிட்டிய” என்றாள். அப்புறம் கதவோரம் போய் நின்றுகொண்டாள். இருட்டிய பிறகும் நின்றாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

பொத்தையில் பஞ்சுருட்டான் குருவிகள் ஒரு கம்பி முழுக்க உட்கார்ந்திருந்தன. பச்சையில் இத்தனை பச்சை உண்டா என்று இருந்தது. டீக்கடையில் ஆவுடையப்பன் சார் என் போனை வாங்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இது என்ன படம்?”

“அது கொண்டலாத்தி சார். போன மாசம் எடுத்தது.”

படத்தை விரல்களால் பெரிதாக்கி, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்தார்.

“இதுல கொண்டலாத்தியே இல்லையே. மண்ணு இருக்கு. உங்க பெருவிரல் இருக்கு. அது மட்டும் ரொம்பத் தெளிவா விழுந்திருக்கு.”

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“இல்ல சார், இருக்கும். எங்க வீட்டுல பாத்துட்டாளே. கொண்டைகூடத் தெரியுதுன்னு சொன்னா.”

சார் சிரிப்பை நிறுத்தினார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். போனை என்னிடம் தந்துவிட்டு, “டீயைக் குடிங்க அண்ணாச்சி, ஆறுது” என்றார்.

வீட்டுக்கு வந்தேன். இன்று கை தவறி அமுங்கியதில் ஒரு படம் விழுந்திருந்தது. அதை எடுத்து லிங்கக்கனியிடம் கொடுத்தேன்.

“பஞ்சுருட்டான்” என்றேன்.

முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள்.

“பச்சை நல்லா இருக்கு” என்றாள்.

அது என் செருப்பு.

டிசம்பர் 3, செவ்வாய்

முற்றத்துப் படி ஓரத்தில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்தேன். நடைவழியில் கிடந்த ஸ்டூலை மாடிக்குத் தூக்கிப் போட்டேன். உப்பு டப்பாவில் ரப்பர் பேண்ட் மாட்டினேன்.

“சுண்ணாம்பு வாசம் வருதே” என்றாள்.

“பொங்கல் வருதுல்லா” என்றேன்.

“பொங்கலுக்கு இன்னும் எவ்வளவு நாள் கிடக்கு” என்றாள்.

டிசம்பர் 8, ஞாயிறு

டீச்சர், இன்று படம் அதிகம் எடுக்கவில்லை. பார்த்தேன். படம் எடுக்கிற அவசரத்தில் நான் எதையுமே சரியாகப் பார்த்ததில்லை என்று இன்றுதான் தெரிந்தது. பார்த்ததை மறக்காமல் இருக்க வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். “அண்ணாச்சி மந்திரம் சொல்லுதாரு” என்று பின்னால் வந்தவர் கேலி செய்தார்.

ஒரு வால்காக்கை. காக்கை என்று பெயர், ஆனால் உடம்பு பதநீர்க் கருப்பட்டி நிறம். தலை அடுப்புக் கரி. வால் உடம்பை விட நீளம், நுனியில் கறுப்பு மையில் தோய்த்தது போல. கிளை மாறும்போது உடம்பு முதலில் போகிறது, வால் சாவகாசமாகப் பின்னால் போகிறது.

பாறை இடுக்கில் விஷ்ணுகிரந்தி. பூ சட்டைப் பொத்தானை விடச் சின்னது. நீலம். என்ன நீலம் என்று வெகுநேரம் யோசித்தேன். எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் முதல் தீபாவளிக்கு எடுத்த வாயில் துணிச் சேலை, அதைப் பத்துத் தடவை துவைத்த பிறகு இருந்த நீலம்.

சாயந்திரம் இதை அவளுக்கு வாசித்தேன். படத்தைக் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

“அந்தச் சேலையை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியளா?”

“கரித்துணியாக்கி அடுப்படியில போட்டியே, அது வரைக்கும் ஞாபகம் இருக்கு.”

“அந்த வாலு போறதை மறுபடி வாசிங்க. மெள்ள.”

என் வாசிப்பை மெதுவாக்கச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

டிசம்பர் 12, வியாழன்

டீச்சர், இந்தப் பக்கத்தை வகுப்பில் சத்தமாக வாசிக்க வேண்டாம்.

எனக்குக் கண் பார்க்க வேண்டும், துணைக்கு வா என்று லிங்கக்கனியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எனக்குப் பார்த்தார்கள். “அவளுக்கும் ஒரு நிமிஷம் பாத்துருங்க” என்றேன். அவள் என் கையைக் கிள்ளினாள். பலமாகத்தான் கிள்ளினாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். பொறுமையாகப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முத்திவிட்டது, நிழல்தான் தெரியும் என்றார். வலது கண்ணை முதலில் ஆப்பரேஷன் செய்யலாம், இரண்டு மாதம் கழித்து இடது கண்.

“தள்ளிப் போடாதீங்க. உள்ளே அழுத்தம் கூடிட்டா, அப்புறம் ஆப்பரேஷன் செஞ்சாலும் பார்வை திரும்பாது.”

நான் தனியாகக் கேட்டேன்.

“டாக்டர், கண்வலிப்பூ படத்தைக் காட்டிட்டேன். ஒரு நொடிதான். அதனால இருக்குமோ?”

“நேர்ல பூவையே பாத்தாலும் ஒண்ணும் ஆகாது, ஐயா. இது நாலஞ்சு வருஷமா வளர்ந்த புரை” என்றார். சிரிக்காமல் சொன்னார், நல்ல பெண்.

பஸ்ஸில் லிங்கக்கனி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

“ஏமாத்திக் கூட்டிட்டுப் போயிட்டியள்ல?”

“நீ ஏமாத்தலையா? மண்ணைப் பாத்துக் கொண்டைங்கே. செருப்பைப் பாத்துப் பச்சைங்கே.”

“செருப்பா?”

“என் செருப்பு.”

தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“பிள்ளையள் சிலேட்டைக் கொண்டாந்து காட்டுமே, அந்த மாதிரிக் கொண்டாந்து நீட்டுதிய. தெரியலன்னு எப்படிச் சொல்ல?”

“என்கிட்டச் சொல்லாம வேற யார்கிட்டச் சொல்லுவே?”

“சொன்னா என்ன செய்வியளாம்? கத்தி வைக்கக் கூட்டிட்டுப் போவிய. எங்க அக்காளுக்கு அந்தக் காலத்துல வச்சாங்க. இருந்த வெளிச்சமும் போச்சு. எனக்கு நிழலு தெரியுது. வாசல் தெரியுது. நீங்க வந்து நின்னா தெரியுது. அது போதும்.”

அவளே மறுபடி பேசினாள். குரல் இறங்கிவிட்டது.

“பேப்பர்ல அச்சு பொடிசாயிட்டுன்னு சொன்னேன்லா. அச்சு அப்படியேதான் இருக்கு. எனக்குத் தெரியாமப் போறதுக்குள்ள வீட்டுல ஒரு ஆளுக்காவது எழுத்துத் தெரியணும்லா. அதான் உங்களை விரட்டி விட்டேன்.”

டீச்சர், உங்கள் வகுப்புக்கு நான் வந்தது இப்படித்தான். எனக்கே இன்றுதான் தெரியும்.

டிசம்பர் 15, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. “போயிட்டு வாங்க” என்று அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் வீட்டில் இருந்தோம். ஆறு மணிக்கு அது மட்டும் கூப்பிட்டது.

டிசம்பர் 22, ஞாயிறு

ஆறுமணிக்குருவியைப் பார்த்தேன். எழுத மாட்டேன்.

டிசம்பர் 23, திங்கள்

எழுதாததற்குக் காரணம் சொல்ல வேண்டும். நேற்று பொத்தை அடிவாரத்தில், பாழடைந்த கிணற்றுப் பக்கம் சருகு அசைந்தது. ஆவுடையப்பன் சார் கையைக் காட்டி எல்லோரையும் நிறுத்தினார். புதருக்குள்ளிருந்து அது தத்தித் தத்தி வெளியே வந்து வெயிலில் நின்றது. நான் போனை அமுக்கினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை. அது எப்படி இருந்தது என்பதை இங்கே எழுதினால் சாயந்திரம் வாசிக்க வேண்டிவரும். வாசித்தால் அவளுக்கு அதுவே போதும் என்று ஆகிவிடும். போதும் என்று ஆகக் கூடாது.

வீட்டுக்கு வந்து, “பாத்துட்டேன்” என்றேன்.

பத்து நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள் அடுப்படியிலிருந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள்.

“ஆறுமணிக்குருவியையா? எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு.”

“நல்லான்னா? என்ன கலரு?”

“அதை நான் சொல்லப் போறதில்ல. கண்ணைச் சரி பண்ணிக்கிட்டு நீ பாரு.”

“நாலு வரி வாசிச்சா குறைஞ்சா போவிய?”

“எழுதவே இல்லையே. எழுதாததை எப்படி வாசிக்க?”

இரவு எனக்குச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றவில்லை.

டிசம்பர் 25, புதன்

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள், டீச்சர். நீங்கள் கொடுத்தனுப்பிய கேக்கை அவள் தின்றுவிட்டாள்.

“காக்கா மாதிரிக் கறுப்பா இருக்குமா?” என்றாள்.

சொல்லவில்லை.

டிசம்பர் 29, ஞாயிறு

சாயந்திரம் விசில் கேட்டதும் கொல்லைக் கதவைத் திறந்தாள். அது பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும், சத்தம் காதுக்குள் விழுந்தது. அவள் சத்தம் வந்த பக்கம் சரியாக முகத்தைத் திருப்பினாள். நான் அவள் பின்னால் நின்றேன். முருங்கை மரத்தடியில் சருகு அசைந்தது. எனக்குத் தெரிந்தது. அவளிடமிருந்து இரண்டு ஆள் தூரம்தான்.

“இருக்கா?” என்றாள்.

“இருக்கு.”

“என்ன செய்யுது?”

வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். டீச்சர், கஷ்டமாக இருந்தது. மூட்டை தூக்கியபோதுகூட இந்தக் கஷ்டம் பட்டதில்லை.

அது போய்விட்டது. அவள் கதவைச் சாத்தவில்லை.

“எங்க அக்காளுக்குச் செஞ்சப்போ கூட ஆள் இல்ல. அத்தான் வாசல்லயே விட்டுட்டுப் போயிட்டாரு” என்றாள்.

“நான் போவ மாட்டேன்.”

“உள்ள கூப்பிடுத வரைக்கும் பேசிட்டே இருக்கணும்.”

“பேச என்ன இருக்கு? வாசிக்கேன்.”

“சரி” என்றாள்.

ஜனவரி 8, புதன்

கண் ஆஸ்பத்திரி. ஆப்பரேஷனுக்கு முன்னால் ஒரு கூடத்தில் வரிசையாக உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் பச்சை அங்கி, எந்தக் கண் என்று நெற்றியில் ஒரு பிளாஸ்திரி. லிங்கக்கனியின் கை ஐஸ் போல இருந்தது. நான் நோட்டை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். வால்காக்கை வந்த இடம். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரித்தான் வாசித்தேன். எதிரே இருந்த பெரியவர் தலையைத் தூக்கினார்.

“என்னவே, பைபிளா?”

“இல்ல. குருவி.”

“குருவியா? சத்தமா வாசியும். நாங்களும் சும்மாத்தான் இருக்கோம்.”

சத்தமாக வாசித்தேன். திக்கினேன். ‘விஷ்ணுகிரந்தி’யில் ரொம்பத் திக்கினேன். ஒருவரும் கேலி செய்யவில்லை. அப்புறம் முதல் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து வாசித்தேன். கொண்டலாத்திப் படத்தில் பெருவிரல் விழுந்த கதைக்கு நர்ஸ்கூடச் சிரித்தார். செருப்பு வரும் பக்கத்தை விட்டுவிடலாம் என்று தாண்டினேன்.

“ஒரு பக்கம் விட்டுட்டிய” என்றாள் லிங்கக்கனி. “தாள் புரட்டுன சத்தம் ரெண்டு தடவை கேட்டுது.”

வாசித்தேன். அதற்குள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, என் நோட்டைத் தடவிப் பார்த்து, மூடிக் கொடுத்தாள். நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். கதவைச் சாத்தினார்கள்.

இதற்குமேல் இன்று எழுத முடியாது.

ஜனவரி 9, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். முதலில் கண்ணைச் சுருக்கினாள். டாக்டர் இரண்டு விரலைக் காட்டினார். இரண்டு என்றாள். மூன்று விரல். மூன்று என்றாள். என்னைக் காட்டி, “இது யாரு?” என்றார்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

“வயசாயிட்டே உங்களுக்கு” என்றாள்.

நான் வெளியே போய்க் குழாயில் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. சொட்டு மருந்து விட வேண்டும். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீடு முழுவதும் சுற்றி வந்தாள். சுவரில் பல்லி முட்டை, அலமாரிக்கு மேலே ஒட்டடை, என் பனியனில் ஓட்டை எல்லாவற்றையும் கண்டுபிடித்தாள். இரண்டு வருஷமாக இப்படியா குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று என்னைத் திட்டினாள்.

அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, “போனைத் தாங்க” என்றாள்.

நான் தயங்கினேன். அவளே எடுத்துக்கொண்டாள்.

“இது என்ன?”

“வானம்.”

“இதுல எது குருவி?”

“அப்பத்தான் பறந்துட்டு.”

“இது?”

“பெருவிரல்.”

“இதுவும் பெருவிரலு. இதுவும். ஏங்க, ரெண்டு மாசமா காட்டுக்குப் போயி உங்க விரலைத்தான் எடுத்துட்டு வந்தியளா? இதைப் பாத்தா கொண்டை நல்லா விழுந்திருக்குன்னு சொன்னேன்?”

“நீ சொன்னதாலதான் நானும் நல்லா எடுக்கேன்னு நினைச்சேன்.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நானும். கட்டில் ஆடியது.

“சிரிக்க வைக்காதிய. கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ” என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள்.

கடைசியாக ஒரு படம் வந்தது. பழுப்புச் சருகுகள். சருகுக்கு நடுவே ஒரு சின்னப் பறவையின் பின்பக்கம். குட்டை வால், அதன் அடியில் குங்குமத்தைக் கொட்டியது போல ஒரு சிவப்பு. அவ்வளவுதான். தலை புதருக்குள் இருந்தது.

சிரிப்பை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுதானா?”

“இதுதான்.”

“வால் மட்டுந்தான் இருக்கு. முன்னாடி எப்படி இருக்கும்?”

நான் சொட்டு மருந்துக் குப்பியை எடுத்தேன்.

“சொல்ல மாட்டிய. தெரியும். தூசியில போகக் கூடாதுன்னு ஒரு மாசம் சொல்லியிருக்காவ. அது வரைக்கும் அது இங்கன இருக்குமான்னு உங்க சாரைக் கேட்டு வைங்க.”

கேட்டேன். பங்குனி வரைக்கும் இருக்கும் என்றார்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று என்னை நடைக்கு விரட்டிவிட்டாள். ஆவாரை காய்க்கத் தொடங்கிவிட்டது. கௌதாரி ஒரு குடும்பமாக வழியைக் கடந்து போயிற்று. வேலியில் கடைசியாக ஒரு கண்வலிப்பூ மிஞ்சியிருந்தது, பாதி வாடியது. அதைப் படம் எடுத்துக்கொண்டேன். விரலை விலக்கிப் பிடித்து எடுத்தேன்.

திரும்பி வந்தபோது லிங்கக்கனி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் இந்த நோட்டு.

அவளிடம் நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன், டீச்சர். என் எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொன்னதாகச் சொல்லியிருந்தேன். ஓடிப்போய்ப் பிடுங்கலாமா என்று நினைத்தேன். அவள் தலை நிமிரவில்லை.

“பேப்பரை எடுத்துப் பாத்தேன். கண்ணாடி ஒரு மாசம் கழிச்சுத்தான் தருவாவளாம், அது இல்லாம அச்சு பிடிபடல. எறும்பு ஊருத மாதிரி இருக்கு” என்றாள். “இது பிடிபடுது.”

“எது?”

“உங்க எழுத்து. ஒவ்வொண்ணும் வெங்காயம் அளவுக்கு இருக்கு. இந்த ‘ழ’ காலை நீட்டி அடுத்த வரியில போட்டிருக்கு. ஆனா தெரியுது.”

விரலை வரியின் கீழே வைத்து முதல் பக்கத்திலிருந்து சத்தமாக வாசித்தாள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் எனக்கு வாசிக்கிறாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து கேட்டேன். செருப்பு வந்த இடத்தில் நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேலே வாசித்தாள். ‘எழுத மாட்டேன்’ என்ற இடம் வந்தபோது கொல்லையில் ஒன்றும் கூப்பிடவில்லை, மணி பதினொன்றுதான். இருந்தாலும் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

டீச்சர், ஒரு கோட்டுக்குள் எழுதப் பழகச் சொன்னீர்கள். மன்னிக்க வேண்டும். அவளுக்குக் கண்ணாடி வருகிற வரைக்கும், அடுத்த ஞாயிறும் அதற்கு அடுத்த ஞாயிறும், நான் பெரிதாகத்தான் எழுதுவேன்.